பேச்சு போனது, புத்தி போகவில்லை

(கோலார் தங்கவயலில் ஒரு தொடர்கல்வி மையத்தில் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் பேசியது)

 

நான் ஒரு பேச்சுப் பயிற்சியாளர். 'பேசுவதற்குக்கூடவா பயிற்சி?' என்று நீங்கள் நினைக்கலாம். ஒரு பெரியவரின் கதையைச் சொல்கிறேன். அப்போது புரியும்.

அவர் இங்கே தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001-இல் சுரங்கத்தை மூடினார்கள். பிறகு ஒரு பெட்டிக்கடை வைத்தார். இரவுப் பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றார். கைநாட்டு வைத்த கை கையெழுத்துப் போட்டது. அதில் அவருக்குப் பெரிய பெருமை.

ஒருநாள் காலையில் அவருக்கு வாய் கோணியது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு நின்றது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். உயிர் பிழைத்து வீட்டுக்கு வந்தார். ஆனால் எதைக் கேட்டாலும் 'அது... அது...' என்றார். அந்த ஒரு சொல்தான் வந்தது.

'அப்பாவுக்குப் புத்தி போய்விட்டது' என்றார் மகன். பிறகு யாரும் அவரிடம் பேசவில்லை. அவர் எதிரிலேயே கடையை விற்பது பற்றிப் பேசினார்கள். பத்திரத்தில் கைநாட்டு வைக்க அவர் பெருவிரலைப் பிடித்தார்கள். பெரியவர் கையை இழுத்துக்கொண்டார். அவர் கண்ணில் நீர் வந்தது. 'பார்த்தீர்களா, புத்தி சரியில்லை' என்றார்கள்.

புத்தி சரியில்லாதவர் ஏன் கையை இழுத்தார்? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அவருக்கு வந்தது பக்கவாதம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்ளும். அல்லது வெடிக்கும். மூளையின் எந்தப் பகுதிக்கு ரத்தம் போகவில்லையோ, அந்தப் பகுதியின் வேலை கெடும். பெரும்பாலோருக்கு மூளையின் இடது பக்கம்தான் சொற்களைப் பார்த்துக்கொள்கிறது. உடம்பின் வலது பக்கத்தை ஆட்டுவதும் அதுதான். அதனால்தான் வலது கையும் பேச்சும் பல பேருக்குச் சேர்ந்தே போகின்றன.

இது எப்படித் தெரிந்தது? 1861-ஆம் ஆண்டு பாரிஸ் நகருக்கு அருகில் ஒரு நோயாளி இருந்தார். எதைக் கேட்டாலும் 'டான்' என்பார். வேறு சொல் வராது. ஆனால் மற்றவர் பேசுவது அவருக்குப் பெரும்பாலும் புரிந்தது. அவர் இறந்த பிறகு பால் புரோக்கா என்ற மருத்துவர் அவருடைய மூளையைப் பார்த்தார். இடது பக்கத்தில் முன்பகுதி கெட்டிருந்தது. பேச்சுக்கு மூளையில் ஓர் இடம் உண்டு என்று அவர் எடுத்துச் சொன்னார்.

'நாக்கில் வசம்பு தேய்த்தால் பேச்சு வருமா?' என்று சிலர் என்னிடம் கேட்கிறார்கள். வராது. கோளாறு நாக்கில் இல்லை. மூளையில் இருக்கிறது.

அந்தப் பெரியவரை என்னிடம் அழைத்து வந்தார்கள். நான் மேசைமேல் ஒரு சாவி, ஒரு சோப்பு, ஒரு பேனா வைத்தேன். 'ஐயா, கடையைப் பூட்ட எது வேண்டும்?' என்று கேட்டேன். இடது கையால் சாவியை எடுத்தார். எடுத்து மகனிடம் காட்டினார். மகன் தலை குனிந்தார்.

அன்றே பயிற்சி தொடங்கினோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொன்னேன். நானும் சேர்ந்து எண்ணினேன். ஐந்துவரை வந்தார். சொந்தமாக ஒரு சொல் வராதவருக்கும் எண்ணிக்கை வரலாம். கிழமைப் பெயர் வரலாம். பழகிய பாட்டு வரலாம். அந்த நூலைப் பிடித்துக்கொண்டுதான் மற்ற சொற்களை இழுக்க வேண்டும்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது என்ன? எதிரில் உட்காருங்கள். டி.வி.யை நிறுத்துங்கள். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். கத்த வேண்டாம். அவருக்குக் காது கேட்கிறது. 'காபியா, கஞ்சியா?' என்று கேளுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள். நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். கையைக் காட்டினாலும், தலையை ஆட்டினாலும் அது பதில்தான்.

இனி இன்னொரு ஆபத்தைச் சொல்கிறேன். இது உயிர் ஆபத்து.

சாப்பிடும்போது புரை ஏறினால் 'யாரோ நினைக்கிறார்கள்' என்று சொல்லிச் சிரிக்கிறோம். பக்கவாதம் வந்தவருக்குப் புரை ஏறினால் சிரிக்கக் கூடாது. தொண்டையில் இரண்டு குழாய்கள் இருக்கின்றன. ஒன்றில் உணவு போகும். ஒன்றில் மூச்சு போகும். விழுங்கும்போது மூச்சுக்குழாய் மூடிக்கொள்ளும். பக்கவாதத்தில் இந்த மூடி சரியாக வேலை செய்யாமல் போகலாம். அப்போது தண்ணீரும் சோறும் நுரையீரலுக்குள் போகும். நிமோனியா காய்ச்சல் வரும். அதில் இறந்து போகிறவர்களும் உண்டு. சிலருக்கு இருமலே வராமல் உள்ளே போய்விடும்.

ஆகவே மருத்துவமனையில் விழுங்கிக் காட்டச் சொல்லிச் சோதிக்கும்வரை வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். ஒரு வாய் காபியும் வேண்டாம். பிறகு உணவு கொடுக்கும்போது இவற்றை நினைவில் வையுங்கள்:

படுத்த நிலையில் ஊட்டாதீர்கள். நிமிர்த்தி உட்கார வையுங்கள்.
தூக்கக் கலக்கத்தில் ஊட்டாதீர்கள்.
சின்னக் கரண்டியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.
முதல் வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய் கொடுங்கள்.
சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும்.
வாயைச் சுத்தம் செய்யுங்கள்.

சிலருக்குத் தண்ணீர் ஆகாது. கெட்டியான கஞ்சி ஆகும். தண்ணீர் வேகமாக ஓடிவிடும். கஞ்சி மெதுவாக இறங்கும். யாருக்கு எது ஆகும் என்று பயிற்சியாளர் பார்த்துச் சொல்வார். சாப்பிடும்போது இருமல் வந்தாலோ, குரல் கரகரத்தாலோ, அடிக்கடி காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

சிலருக்கு நினைவும் கவனமும் குறையும். மூளையின் வலது பக்கம் கெட்டால் சிலர் தட்டில் பாதிச் சோற்றை விட்டுவிடுவார்கள். பசி இல்லாமல் அல்ல. இடது பக்கம் சோறு இருப்பதே அவர்கள் கவனத்துக்கு வராது. இது பைத்தியம் அல்ல. பிடிவாதமும் அல்ல. இதற்கும் பயிற்சி உண்டு. எதிரே கடிகாரமும் நாள்காட்டியும் மாட்டுங்கள். அன்றைய வேலையை எழுதி வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள்.

எங்கே போவது? மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 'ஸ்பீச் தெரபி' எங்கே என்று கேளுங்கள். நம் கர்நாடக மாநிலத்தில் மைசூரில் அகில இந்தியப் பேச்சு கேட்பு நிறுவனம் இருக்கிறது. மத்திய அரசின் நிறுவனம் அது. 1965-இல் தொடங்கியது. மூளைக் கோளாறால் பேச்சு நிரந்தரமாகக் கெட்டால் அதுவும் ஊனம்தான் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதற்குச் சான்றிதழ் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஒன்று மறக்காதீர்கள். முகம் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் உடனே 108-க்கு போன் செய்யுங்கள். அடைப்பைக் கரைக்க ஊசி மருந்து இருக்கிறது. அதை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். காலையில் பார்க்கலாம் என்று காத்திருந்தால் நேரம் போய்விடும்.

பெரியவர் என்ன ஆனார்? ஓர் ஆண்டு ஆகிவிட்டது. முழுப் பேச்சு வரவில்லை. இருபது, முப்பது சொற்கள் வருகின்றன. அவருடைய மருமகள் உங்களைப் போல முதியோர் கல்வியில் படித்தவர். 'தண்ணீர்', 'வலி', 'ஆம்', 'வேண்டாம்' என்று அட்டைகளில் எழுதினார். பெரியவர் அவற்றைத் தொட்டுக் காட்டுகிறார். கடையை விற்கலாமா என்று மகன் மறுபடி கேட்டார். பெரியவர் 'வேண்டாம்' அட்டையை எடுத்து வைத்தார். கடை இன்றும் இருக்கிறது. மருமகள் நடத்துகிறார்.

சென்ற மாதம் பெரியவர் வங்கிக்குப் போனார். மை டப்பாவை நீட்டினார்கள். அவர் அதைத் தள்ளிவைத்தார். பேனாவை இடது கையில் வாங்கினார். கோணல் மாணலாகத் தம் பெயரை எழுதினார்.

எழுத்தின் அருமை உங்களுக்குத் தெரியும். பேச்சு இழந்தவர் வீட்டில் இருந்தால் ஓர் அட்டை எழுதிக் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.