இரண்டாவது விமானம்

அறிவியல் மன்றப் பொறுப்பாசிரியர்களுக்கான பயிற்சியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்

தொடக்கப் பள்ளியிலிருந்து மேல்நிலைப் பள்ளி வரை எல்லா நிலைகளிலும் பணியாற்றும் ஆசிரியர்கள் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். ரேடியோவால் இயக்கும் மாதிரி விமானம் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்தார்கள். முதல் விமானத்தைச் செய்யவும் பறக்கவிடவும் சொல்லித்தரும் காணொலிகள் ஏராளமாக உள்ளன. ஆகவே இன்று நான் பேசப்போவது இரண்டாவது விமானத்தைப் பற்றி. முதல் விமானத்தைப் பழகி முடித்த மாணவர் கையில் அடுத்து எதைக் கொடுப்பது? இந்தக் கேள்விக்கு நான் ஒருமுறை தவறான விடை எழுதினேன். அந்தத் தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

கல்லூரியில் படித்தபோது தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் இருந்தேன். மாதிரி விமானம் செய்யும் பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கு வந்த பிறகு, முன்னாள் மாணவர்கள் கொடுத்த நன்கொடையில் ஃபோம் போர்டு அட்டையால் ஒரு பயிற்சி விமானம் செய்தோம். மோட்டாரின் வேகம், மேலே கீழே திருப்பும் எலிவேட்டர், இடம் வலம் திருப்பும் சுக்கான் ஆகிய மூன்றுதான் அதன் கட்டுப்பாடுகள். ஊருக்கு வெளியே வற்றிக் கிடக்கும் கண்மாய்தான் எங்கள் மைதானம். காற்று எழும்பும் முன், காலை ஆறரை மணிக்குப் பறக்கவிடுவோம். ஐந்து மாதங்களில் நான்கு பேர் தேறினார்கள். அவர்களில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னைவிட நன்றாகத் தரையிறக்கினாள்.

அடுத்த விமானம் எது என்று கேட்டபோது பிள்ளைகள் அத்தனை பேரும் போர் விமானம் என்றார்கள். எனக்கும் ஆசைதான். ஆண்டு விழாவில் காட்டினால் எடுப்பாக இருக்கும் என்ற நினைப்பும் இருந்தது. இரண்டாம் உலகப் போர் காலத்து விமானத்தின் சாயலில், தாழ்வான இறக்கையுடன் ஒன்றைச் செய்து, நன்றாக ஓட்டுகிறாளே என்று அந்த மாணவியின் கையில் கொடுத்தேன். அது முக்கால் நிமிடம்கூடப் பறந்திருக்காது. தரையிறக்குவதற்காக வேகத்தைக் குறைத்துத் திருப்பினாள். இடது இறக்கை சட்டென்று சாய்ந்தது. கரையோரச் சீமைக்கருவேல மரத்தடியில் விமானம் மூக்குக் குத்தி விழுந்தது.

ஓடிப்போய்த் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தவள், "சார், நான்தான் ஒடச்சிட்டேன்" என்றாள். நான் மறுக்கவில்லை. "பரவாயில்லம்மா, அடுத்த தடவை பாத்து ஓட்டு" என்றேன். எங்கள் மன்றத்தில் ஒரு பறத்தல் குறிப்பேடு உண்டு. அதில் 'விபத்துக்கான காரணம்' என்ற கட்டத்தில் 'மாணவியின் கவனக்குறைவு' என்று என் கைப்பட எழுதினேன். மறுவாரம் அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. இரண்டு மாதங்கள் அவள் கண்மாய்ப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை.

அவள் என்னதான் தவறு செய்தாள் என்று கண்டுபிடிக்க ஒருநாள் இரவு தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். அந்தக் கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு மாணவர் போடக்கூடிய கணக்குதான்.

விமானத்தின் எடையை இறக்கையின் பரப்பால் வகுத்தால் வருவது இறக்கைப் பளு. எங்கள் பயிற்சி விமானத்தின் இறக்கை நீளம் 120 செ.மீ., அகலம் 20 செ.மீ. பரப்பு 24 சதுர டெசிமீட்டர். எடை 720 கிராம். ஆக, ஒரு சதுர டெசிமீட்டருக்கு 30 கிராம். போர் விமானத்தின் இறக்கை நீளம் 100 செ.மீ., சராசரி அகலம் 17 செ.மீ. பரப்பு 17 சதுர டெசிமீட்டர். எடையோ 1,020 கிராம். ஒரு சதுர டெசிமீட்டருக்கு 60 கிராம். இறக்கைப் பளு சரியாக இரண்டு மடங்கு.

வேகம் குறையக் குறைய, விமானத்தைத் தாங்குவதற்கு இறக்கை காற்றைக் கூடுதல் கோணத்தில் சந்திக்க வேண்டியிருக்கும். ஒரு எல்லைக்கு மேல் காற்று இறக்கையின் மேற்பரப்பைவிட்டுப் பிரிந்துவிடும், தூக்குவிசை சரியும். இதைத்தான் ஸ்டால் என்கிறோம். ஸ்டால் ஆகும் வேகம் இறக்கைப் பளுவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பளு இரண்டு மடங்கானால் அந்த வேகம் 1.4 மடங்காகும். எங்கள் பயிற்சி விமானம் மணிக்கு ஏறக்குறைய 23 கி.மீ. வேகம் வரை தாங்கும். போர் விமானத்துக்கு 32 கி.மீ.யாவது வேண்டும். இது நேராகப் பறக்கும்போது. 45 பாகை சாய்ந்து திரும்பும்போது, உயரம் குறையாமலிருக்க இறக்கை 1.4 மடங்கு விசை தரவேண்டும். அப்போது ஸ்டால் வேகம் இன்னும் ஐந்தில் ஒரு பங்கு கூடும். அதாவது 38 கி.மீ. அவள் ஐந்து மாதங்களாகப் பழகியிருந்ததோ 30 கி.மீ. அளவில் திருப்பித் தரையிறக்குவதற்கு. நான் கற்றுக்கொடுத்ததை அப்படியே செய்திருக்கிறாள்.

இறக்கையின் வடிவமும் அவளுக்கு எதிராக இருந்தது. பயிற்சி விமானத்தின் இறக்கை அடி முதல் நுனி வரை ஒரே அகலம் கொண்டது. அப்படிப்பட்ட இறக்கையில் ஸ்டால் உடலை ஒட்டிய பகுதியில் தொடங்கும். மூக்கு மெதுவாகத் தாழ்ந்து எச்சரிக்கும். நுனி நோக்கிக் கூரிய இறக்கையில் நுனிப்பகுதி முதலில் கைவிட்டுவிடக்கூடும். எச்சரிக்கையே இல்லாமல் ஒரு பக்கம் கவிழும்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. பயிற்சி விமானத்தின் இறக்கை உடலுக்கு மேலே இருக்கும். நுனிகள் சற்று உயர்ந்து அகன்ற 'வி' போலிருக்கும். சாய்ந்தாலும் தானாக நிமிர்ந்துகொள்ளும். என்ன செய்வதென்று தெரியாவிட்டால் கையை எடுத்துவிடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தேன். போர் விமானத்தில் அந்த அறிவுரை ஆபத்து. அதில் இறக்கைகளின் பின்விளிம்பில் எய்லரான் என்ற மடிப்புகள் இருந்தன. எய்லரானால் சாய்த்தால் விமானம் சாய்ந்தபடியே நிற்கும். நாம்தான் எதிர்ப்பக்கம் கொடுத்து நிமிர்த்த வேண்டும்.

ஒரே நாளில் நான்கு புதிய பாடங்கள்: இரு மடங்குப் பளு, கூரிய இறக்கை, தானாக நிமிராத உடல், புதிதாக ஒரு கட்டுப்பாடு. இந்த நான்கையும் நான் ஒன்றாகக் கட்டி ஒரு குழந்தையின் கையில் கொடுத்திருக்கிறேன். அப்படியிருந்தும் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறேன்.

மறுநாள் மதிய உணவு இடைவேளையில் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவளைத் தேடிப் போனேன். நான் விளக்கவில்லை. அளவுகளை மட்டும் கொடுத்து அவளையே வகுக்கச் சொன்னேன். 30, 60 என்று இரண்டு விடைகளையும் எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "சார், இந்தக் கணக்க மொதல்லயே போட்டிருக்கலாமே?" என்றாள். ஆமாம், போட்டிருக்கலாம். அன்று மாலை அவள் முன்னாலேயே குறிப்பேட்டைத் திறந்து, பழைய வரியை அடித்துவிட்டு 'ஆசிரியரின் தவறான தேர்வு' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். சனிக்கிழமை காலை கண்மாய்க்கு வந்தாள்.

அதன் பிறகு நாங்கள் செய்த இரண்டாவது விமானத்தைப் பற்றிச் சொல்கிறேன். இறக்கை மேலேயே இருந்தது. அடி முதல் நுனி வரை அதே அகலம். பரப்பும் அதே 24 சதுர டெசிமீட்டர். எய்லரானை மட்டும் சேர்த்தோம். நுனி உயர்வைப் பாதியாகக் குறைத்தோம். எடை 840 கிராம், பளு 35. ஸ்டால் வேகம் இரண்டு கி.மீ. அளவுக்குத்தான் கூடியது. புதிய பாடம் ஒன்றே ஒன்று: சாய்த்தால் நிமிர்த்து. உடைந்த விமானத்தின் மோட்டார், வேகக் கட்டுப்படுத்தி, ரிசீவர், சர்வோக்கள் எல்லாம் நன்றாகவே இருந்ததால் அவற்றைக் கழற்றி இதில் பொருத்தினோம். புதிதாக வாங்கியது அட்டையும் பசைக் குச்சியும்தான். பள்ளிக்கூட விமானத்துக்கு இது முக்கியம். உடைந்தால் அன்று மாலையே ஒட்டக்கூடியதாக இருக்க வேண்டும். விலை உயர்ந்த விமானத்தைப் பிள்ளைகள் பயந்து பயந்து ஓட்டுவார்கள்; பயந்த விரல் கற்றுக்கொள்ளாது.

இதில் தேறியவர்களுக்கு மூன்றாவது விமானம். இறக்கை உடலின் தோளில் இருக்கும். அடிப்பாகம் தட்டையாக இல்லாமல் மேலும் கீழும் ஒரே வளைவாக இருக்கும். 1960களில் அமெரிக்கர் ஃபில் கிராஃப்ட் வடிவமைத்த 'அக்லி ஸ்டிக்' இந்த வகை. பெயருக்கேற்பப் பெட்டியும் பலகையுமாக அழகில்லாத உருவம்தான். ஆனால் சொன்னதைக் கேட்கும், தலைகீழாகவும் பறக்கும். இன்றும் அதன் வழியில் விமானங்கள் செய்கிறார்கள். போர் விமானம் நான்காவது இடத்தில்தான் வரவேண்டும். நான் இரண்டு படிகளைத் தாண்டிக் குதித்திருந்தேன்.

அடுத்த விமானத்துக்கு ஒரு மாணவர் தயாரா என்று எப்படி அறிவது? நாங்கள் ஐந்து சோதனைகள் வைத்திருக்கிறோம். ஒன்று, இரு திசையிலும் எட்டு வடிவில் உயரம் குறையாமல் பறக்க வேண்டும். இரண்டு, விமானம் தம்மை நோக்கி வரும்போதும் இடம் வலம் குழம்பக் கூடாது. அப்போது எல்லாம் மாறித் தெரியும். மூன்று, நல்ல உயரத்தில் வேண்டுமென்றே ஸ்டால் செய்து மீட்க வேண்டும். நான்கு, மோட்டாரை நிறுத்திவிட்டுக் குறித்த கோட்டுக்குள் மூன்று முறை தரையிறக்க வேண்டும். ஐந்தாவதுதான் கடினம்: 'இன்று காற்று அதிகம், நான் பறக்கவிடவில்லை' என்று தானாகச் சொல்லத் தெரிய வேண்டும்.

புதிய விமானத்தைத் தொடும் முன், உயர் தொழில்நுட்ப ஆய்வகக் கணினியில் விமானப் பாவிப்பு மென்பொருள் ஒன்றில் பழகவிடுங்கள். அங்கே நூறு முறை விழுந்தாலும் செலவில்லை. முதல் பறத்தலுக்கு முன் ஈர்ப்பு மையத்தைச் சரிபாருங்கள். செவ்வக இறக்கையானால் முன்விளிம்பிலிருந்து அகலத்தின் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையிலான இடத்தில் விரல்களால் தாங்கினால் விமானம் சமமாக நிற்க வேண்டும். மூக்குப் பக்கம் எடை கூடினால் சோம்பேறித்தனமாகப் பறக்கும். வால் பக்கம் கூடினால் பறக்கவே விடாது. பத்தாம் வகுப்பில் திருப்புத்திறன் நடத்துகிறவர்களுக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாங்கள் பயன்படுத்துவது மூன்று செல் கொண்ட லித்தியம் பாலிமர் மின்கலம். ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. பறக்காத நாட்களில் 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும். உப்பியதை மீண்டும் மின்னேற்றவே கூடாது. மின்னேற்றும்போது பெரியவர் ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும். மேசையில் வேலை செய்யும்போது விசிறியைக் கழற்றிவிட வேண்டும். பறக்கவிடுபவருக்குப் பின்னால்தான் மற்ற எல்லோரும் நிற்க வேண்டும். 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் மாதிரி விமானங்களையும் குறிப்பிடுகின்றன. அவை கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குள்ளேயே பறக்க வேண்டும். வான்வெளி வரைபடத்தில் உங்கள் ஊர் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பார்த்துவிட்டு, தலைமையாசிரியரின் அனுமதியையும் பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதத்தையும் வாங்கிய பிறகே தொடங்குங்கள்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள், இதெல்லாம் எங்களுக்கு எதற்கு என்று நினைக்கலாம். உங்களுக்கு மோட்டாரே வேண்டாம். காகித விமானத்தின் மூக்கில் ஒரு காகிதக் கவ்வியைச் செருகிப் பறக்கவிடச் சொல்லுங்கள். பிறகு அதை ஒரு விரல்கடை பின்னால் நகர்த்தச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதே விதி. கவ்வியையும் இறக்கையின் மடிப்பையும் ஒருசேர மாற்றிவிட்டால், எதனால் விழுந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. என் போர் விமானத்தில் நடந்ததும் அதுதான்.

அந்த மாணவி இப்போது பத்தாம் வகுப்பு. மூன்றாவது விமானத்தை ஓட்டுகிறாள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதல் விமானத்தைச் சொல்லிக்கொடுக்கிறாள். போன மாதம் ஒரு சிறுவன் விமானத்தைக் கரையில் மோதிவிட்டு அழுதுகொண்டு நின்றான். அவள் குறிப்பேட்டை எடுத்தாள். காரணம் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, "மொதல்ல அளந்து பாப்போம், அப்பறம் எழுதலாம்" என்றாள்.

உடைந்த போர் விமானத்தின் இறக்கையை எங்கள் ஆய்வகச் சுவரில் மாட்டியிருக்கிறோம். பார்க்க வருகிறவர்கள் யார் உடைத்தது என்று கேட்பார்கள். நான் உடைத்தது என்று சொல்வேன்.