காமன் கூத்தும் நேர்த்திக்கடனும்



கோப்பிக் காலத்திலே கடல் கடந்து வந்த நம் முன்னோர் கையிலே கொண்டுவந்த பொருள் சொற்பம். நெஞ்சிலே கொண்டுவந்த கலைகளோ பல. அவற்றுள் ஒன்று காமன் கூத்து.

அட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களிலே மாசி அமாவாசைக்குப் பின் காமன் கம்பம் ஊன்றுவர். மகப்பேறு வேண்டியும் பிணி தீர வேண்டியும் நேர்ந்துகொண்டவர்கள் விரதமிருந்து, மன்மதனாகவும் ரதியாகவும் வேடந்தாங்கி லயந்தோறும் ஆடி வருவர். சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிகிறான், ரதி புலம்புகிறாள், அவள் வேண்டுதலால் அவன் மீண்டும் உயிர் பெறுகிறான்.

நேர்ந்துகொள்பவர் ஒருவரே. எனினும் அக்கடன் தீர வாத்தியார் பாட வேண்டும். லயத்தார் விளக்கேற்றி வரவேற்க வேண்டும். தப்பு முழங்க வேண்டும். தப்பில்லையேல் கூத்தில்லை. அவ்வாறிருக்க, தப்படிப்பவரைச் சாதி சொல்லி எட்ட நிறுத்துவது எந்த நியாயம்? தெய்வத்தை அழைக்கும் கைக்குத் தீட்டு ஏது?

1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தது. கப்பலேறியவர்களோடு கூத்தறிந்தவர்களும் சென்றனர். எஞ்சியிருக்கும் வாத்தியார்களிடம் பாட்டைக் கேட்டு எழுதிவைப்போம். எக்குடியிற் பிறந்தவராயினும் தப்பைக் கையிலெடுத்துக் கற்போம். நம் தலைமுறை தீர்க்கவேண்டிய நேர்த்திக்கடன் அதுவே.