பலாவிலையும் சிரட்டையும்

முதியவர்கள் இருவர் திண்ணையிலே கூடினால், சிறிது நேரத்துள் "அந்தக் காலம்" என்னும் சொல் அவர்கள் பேச்சிலே வந்து சேரும். அச்சொல் வந்த பின்னர் பேச்சின் போக்கே மாறிவிடும். மூட்டு வலியும் மருந்துச் செலவும் மறக்கப்படும். கிணற்றடியும் பனங்கூடலும் பள்ளிக்கூடத்து வாங்கும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வரும். கேட்டுக்கொண்டிருக்கும் பேரப்பிள்ளைகள் சில வேளை வியப்பார்கள்; சில வேளை தமக்குள்ளே நகைப்பார்கள். அந்தக் காலம் உண்மையிலே அத்துணை இனியதா என்று அவர்கள் வினாவுவார்களாயின், அவ்வினாவுக்கு நேர்மையான விடை கூறப்படல் வேண்டும்.

1930ஆம், 1940ஆம் ஆண்டுகளை அடுத்த காலத்து யாழ்ப்பாணக் கிராமம் ஒன்றை மனக்கண்முன் கொணர்ந்து பார்க்கலாம். பொழுது புலருமுன்பே தோட்டக் கிணற்றிலே துலா அசையும் ஓசை கேட்கும். துலாவின்மேல் ஆட்கள் நடந்து மிதிக்க, கீழே ஒருவர் பட்டை பிடித்து நீரை வாய்க்காலிலே சாய்ப்பார். புகையிலைக்கும் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் அந்நீர் ஓடும். ஒரு பாத்தி நிறைந்ததும் அதன் வாயை மண்ணால் அடைத்து, அடுத்த பாத்தியைத் திறந்துவிடுதல் வீட்டுப் பிள்ளையின் வேலை. கவனம் பிசகி வரம்பு உடைந்தால் துலாவிலே நிற்கும் தந்தையின் ஏச்சு மேலிருந்து விழும். குடாநாட்டிலே வற்றாத ஆறு இல்லை. பெய்த மழை சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கி நிலத்தடியிலே தங்குகின்றது. அதனை மேலே கொணர்வதற்கு மனிதன் வியர்வை சிந்தவேண்டும். இவ்வுண்மையைப் பூமிசாத்திரப் புத்தகம் கூறுமுன்பே அப்பிள்ளை அறிந்திருந்தான்.

பனை மரமோ அக்காலத்துப் பிள்ளைகளுக்கு மற்றொரு பள்ளிக்கூடம். ஆடி, ஆவணி மாதங்களிலே இரவில் பனம்பழம் விழும் ஓசையைப் படுக்கையிலிருந்தே கேட்டு, விழுந்த திசையைக் குறித்து வைத்துக்கொண்டு, விடியுமுன் ஓடிப் பொறுக்குவார்கள். பழத்தின் களி பாயிலே காய்ந்து பினாட்டாகும். விதை பாத்தியிலே புதைந்து சில மாதங்களிற் கிழங்காகும். கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். கிழங்கு கிண்டும் நாளில் முளைத்த விதையைப் பிளந்து உள்ளேயுள்ள பூரானைத் தின்பதற்குப் பிள்ளைகளிடையே போட்டியே நடக்கும். எஞ்சிய ஊமலும் வீண்போகாது, அடுப்புக்கு விறகாகும். ஒரு பொருளையும் வீணாக்காதிருத்தல் என்னும் பாடத்தை அவர்கள் நாவினாலேயே கற்றார்கள்.

பள்ளிக்கூடத்திலே ஆறுமுக நாவலரின் பாலபாடமும் வாய்பாடும் உரத்த குரலில் ஓதப்படும். மாலையிலே கிளித்தட்டுக்குக் கோடு கீறப்படும். பெண்பிள்ளைகள் முற்றத்திலே கொக்கான் வெட்டுவார்கள். சித்திரை வருடப் பிறப்பென்றால் போர்த்தேங்காய் அடிக்கும் ஆரவாரம்; தைப்பொங்கற் காலத்தில் வடமராட்சிக் கரையோரத்து வானத்திலே விண் பூட்டிய பட்டங்களின் இரைச்சல். பொழுது சாய்ந்ததும் வாசிகசாலையிலே ஒருவர் பத்திரிகை வாசிக்க, எழுத்தறியாதவர்கள் சுற்றியிருந்து கேட்பார்கள். 1930ஆம் ஆண்டு தொடங்கி 1958ஆம் ஆண்டு வரை வெளிவந்த ஈழகேசரி அவ்வாறு காதினாலே வாசிக்கப்பட்ட பத்திரிகைகளுள் ஒன்று.

இவை யாவற்றினும் இனிய நினைவு யாது என்று கேட்டால், முதியோர் பலர் ஆடிப்பிறப்பு என்பார்கள். "தங்கத்தாத்தா" எனப் போற்றப்பெற்ற நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் அந்நாளைப் பற்றிப் பாடிய பாட்டை மனனஞ் செய்யாத பிள்ளை அக்காலத்தில் அரிது. அரிசியை இடித்து மாவாக்கி வறுப்பதும், பயற்றை வறுப்பதும், பனங்கட்டியைக் கரைப்பதும், தேங்காயைச் சொட்டாகச் சீவுவதும் வீடு முழுவதற்கும் பொதுவான வேலை. தாய் கூழைத் துழாவுவாள். பாட்டி கொழுக்கட்டை பிடிப்பாள். பிள்ளைகள் பலாவிலை பறித்து வந்து, கோலி, ஈர்க்குக் குத்திக் கரண்டியாக்குவார்கள். பானையைச் சுற்றி வட்டமாக இருந்து பலாவிலையாற் கூழை அள்ளிப் பருகிய சுவை எழுபது, எண்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் நாவைவிட்டு நீங்கவில்லை என்று அவர்கள் கூறுவது மிகையன்று.

ஆயினும், இந்நினைவு இங்கேயே முடிந்துவிடுமாயின் அது பாதி நினைவேயாகும்.

அதே நாளிலே, அதே வீட்டின் படலைக்கு வெளியே மற்றொரு பிள்ளை நின்றான். அவன் தந்தை அவ்வீட்டுத் தோட்டத்திலே துலா மிதித்தவன். அவன் தாய் அக்கூழுக்கு அரிசி இடித்தவள். அவனுக்கும் கூழ் வார்க்கப்பட்டது, மனமுவந்தே வார்க்கப்பட்டது. ஆனால், அது சிரட்டையிலே வார்க்கப்பட்டது. உள்ளிருந்த பிள்ளைக்குப் பலாவிலை விளையாட்டாயிருந்தது. வெளியே நின்ற பிள்ளைக்குச் சிரட்டை விதியாயிருந்தது. வீட்டுப் பாத்திரத்தை அவன் தொடலாகாது. ஊர்க் கிணற்றிலே வாளியைத் தொடவும் அவனுக்கு உரிமை இல்லை. நீர் அள்ளி ஊற்றுவார் ஒருவர் வரும்வரை அவன் தாய் குடத்தோடு காத்திருந்தாள். பள்ளிக்கூடஞ் சென்றாலோ, பல இடங்களில் அவனுக்கு வாங்கு இல்லை, தரையே இடம். கூழ் ஒன்றே, அதன் இனிப்பும் ஒன்றே. எனினும் இரு பிள்ளைகளும் எடுத்துச் சென்ற நினைவுகள் வேறு வேறு.

இந்நிலையைக் கண்டு மனம் வருந்தியவர்கள் அக்காலத்திலேயே இருந்தார்கள் என்பதையும் மறத்தலாகாது. 1924ஆம் ஆண்டிலே தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சமபந்திப் போசனத்தையும் சம ஆசனத்தையும் வற்புறுத்தியது. அதன் அழைப்பை ஏற்று மகாத்மா காந்தி 1927ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்து தீண்டாமையைக் கண்டித்துப் பேசினார். கல்வி மந்திரி சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945ஆம் ஆண்டிலே இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலக் கல்லூரியின் வாயில் ஏழைப் பிள்ளைக்கும் திறந்தது. 1957ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. சட்டம் வந்த மறுநாளே சிரட்டை மறைந்துவிடவில்லை. அதன் பின்னரும் நெடுநாட் போராடவேண்டியிருந்தது. ஆயினும், வாங்கிலே அருகருகே இருந்து படித்த பிள்ளைகள் தம் பெற்றோர் கண்டிராத ஓர் உறவைக் கண்டார்கள்.

இன்னும் ஒன்று. அக்காலத்து உணவின் சுவையைப் புகழ்வோர், அதன் பின்னணியையும் நினைத்தல் வேண்டும். இரண்டாம் உலக மகாயுத்தத்திலே, 1942ஆம் ஆண்டில், பர்மா யப்பானியர் கைப்பட்டது. அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அரிசி கூப்பனுக்கு உட்பட்டது. பிள்ளைகள் கூப்பன் புத்தகத்தோடு கடைவாயிலிலே வரிசையில் நின்றார்கள். ஒடியல் மாப் பிட்டும் மரவள்ளிக் கிழங்கும் பல வீடுகளில் விருப்பத்தினால் அன்றி வறுமையினாலே உண்ணப்பட்டவை. 1946ஆம் ஆண்டில் இந்நாட்டிலே பிறந்த ஆயிரங் குழந்தைகளுள் ஏறத்தாழ 140 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன்பே இறந்தன. இன்று அத்தொகை ஆயிரத்துக்குப் பத்திலுங் குறைவு. திண்ணையிலிருந்து பழங்கதை பேசும் முதியவர், அவ்வாண்டுகளைக் கடந்து தப்பி வந்தவர். அவரோடு விளையாடிய தம்பியோ தங்கையோ ஒருவர் தப்பாமற் போயிருக்கலாம். அப்பெயரை அவர் எளிதிற் சொல்வதில்லை.

அவ்வாறாயின் அந்தக் காலத்தை நினைந்து ஏங்குதல் தவறோ? தவறன்று. முதியவர்களின் ஏக்கத்தை ஊன்றிக் கேட்டால், அது கூழுக்கும் பினாட்டுக்கும் உரிய ஏக்கம் மட்டுமன்று என்பது தெரியவரும். பனங்கட்டி இன்றும் கடையிலே கிடைக்கின்றது. கூழ் காய்ச்சுதலும் கடினமான காரியமன்று. கிடைக்காதது பானையைச் சுற்றியிருந்த வட்டம். அதிலே இருந்தவர்கள் இன்று கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலுமாகச் சிதறியிருக்கிறார்கள். சிலர் மண்ணோடு மண்ணானார்கள். 1981ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது நூல்களோடு ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. 1995ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியேறியபோது, குடும்பப் படங்களும் பழங் கடிதங்களும் சாதகக் குறிப்புகளும் பல வீடுகளிலே கைவிடப்பட்டன. ஆகவே, பல குடும்பங்களின் வரலாறு முதியவர் ஒருவரின் நெஞ்சிலே மட்டும் எழுதப்பட்டிருக்கின்றது. அந்நெஞ்சு ஓய்ந்தால் அவ்வரலாறும் ஓயும்.

இதனைக் கேட்டுக்கொண்டிருக்கும் முதிய நேயர்கள் தம் பேரப்பிள்ளைகளை அழைத்து அந்தக் காலத்தைச் சொல்லல் வேண்டும். துலாவையும் பூரானையும் பட்டத்தையும் சொல்லுக. பானையைச் சுற்றியிருந்த பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லுக. படலைக்கு வெளியே நின்ற பிள்ளையின் பெயரையும் விடாது சொல்லுக. அவன் பெயர் தெரியாதாயின், தெரியாது என்பதையே சொல்லுக. படலைக்கு வெளியே நின்ற முதியோரும் தம் பிள்ளைகளுக்குச் சொல்லுக. அவர்கள் சொல்லாவிடின் ஊரின் கதை ஒருபோதும் முழுமையடையாது. இளைய நேயர்கள் பொறுமையோடு கேட்டு, ஒரு கொப்பியிலே எழுதி வைப்பார்களாக.

அடுத்த ஆடிப்பிறப்பன்று ஏதேனும் ஒரு வீட்டிலே கூழ் காய்ச்சப்படும். அப்போது பலாவிலை பறிக்கும் பிள்ளை, வந்திருப்போர் எத்தனை பேர் என்று எண்ணி, ஒருவரையும் விடாது அத்தனை பேருக்கும் இலை கோலுவானாயின், அந்தக் காலத்தின் இனிமை திரும்பி வரும். அதன் கசப்புத் திரும்பி வாராது.