பதிவு போட்டால் போதுமா, பதில் வேண்டாமா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நம் குடியிருப்பு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. இவர் ஓர் அரசு அலுவலகத்தின் குறைதீர் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.)



‘அரசு அலுவலகங்களும் சமூக ஊடகமும்’ என்ற தலைப்பில் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். தலைப்பைக் கேட்டதும் சிலர் காபி இருக்கும் பக்கம் பார்ப்பது எனக்குத் தெரிகிறது. அதனால் நம் கட்டடத்தில் நடந்ததிலிருந்தே தொடங்கிவிடுகிறேன்.

போன மழைக்காலத்தில் ஓர் இரவு பத்தரை மணி இருக்கும். நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. ஏரியைத் திறந்துவிட்டார்கள், ஒரு மணி நேரத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடும் என்று யாரோ பதற்றமாகப் பேசினார். பேசியவர் யார் என்று தெரியாது. எந்த ஏரி என்றுகூட அவர் சொல்லவில்லை. தரைத்தளத்தில் இருப்பவர்கள் பீரோவையும் அரிசி மூட்டையையும் மேலே ஏற்றத் தொடங்கினார்கள். பாதுகாப்புக்காக லிப்டை நிறுத்தினோம். இருட்டில் படியேறிய ஒரு பெரியம்மா தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

அன்று தண்ணீர் வரவில்லை. எந்த ஏரியும் திறக்கப்படவில்லை. அந்தக் குரல் பதிவு பழையது என்பது மறுநாள்தான் தெரிந்தது.

அந்த இரவு நம்மில் நான்கைந்து பேர் சம்பந்தப்பட்ட அலுவலகத்தின் அதிகாரபூர்வப் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். மாலை ஆறு மணிக்குப் போட்ட ஆய்வுக் கூட்டப் படம்தான் அதில் கடைசிப் பதிவு. அதன் கீழே பலர் ‘ஏரியைத் திறந்தாச்சா?’ என்று கேட்டிருந்தார்கள். ஒருவருக்கும் பதில் இல்லை.

இதை நான் குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. ஏனென்றால் நானும் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன். பல வருடங்களுக்கு முன்பு, ஒரு பகுதியில் குடிநீரில் விஷம் கலந்துவிட்டது என்று வதந்தி பரவியது. அது பொய் என்று காலை பத்து மணிக்கே எனக்குத் தெரியும். மறுப்புக் குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். அது மூன்று மேசை தாண்டி, இரண்டு வார்த்தை திருத்தப்பட்டு, மாலை ஆறு மணிக்குத் திரும்பி வந்தது. அதற்குள் அந்தப் பகுதி மக்கள் ஒரு நாள் முழுக்கக் கேன் தண்ணீருக்கு அலைந்துவிட்டார்கள். நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை. ஆனால் எட்டு மணி நேரம் உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். பதில் சொல்லும் அதிகாரம் எனக்குக் கொடுக்கப்படவில்லை.

இன்று பல துறைகளுக்கும் ஃபேஸ்புக், எக்ஸ், யூடியூப் பக்கங்கள் இருக்கின்றன. கணக்குத் தொடங்குவது ஐந்து நிமிட வேலை. அந்தக் கணக்கிலிருந்து பதில் சொல்ல ஒருவருக்கு அதிகாரம் கொடுப்பதுதான் பெரிய வேலை. நான் இன்று சொல்ல வந்தது இதுதான். இதற்கு மூன்று ஊர்களை உதாரணம் காட்டுகிறேன்.

முதலாவது, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம். 2011 ஜனவரியில் அங்கே பெருவெள்ளம் வந்தது. தலைநகர் பிரிஸ்பேனின் பல பகுதிகள் நீரில் மூழ்கின. அந்த மாநிலக் காவல்துறை அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2010-இலேயே, சமூக ஊடகத்தில் சோதனை முறையில் இறங்கியிருந்தது. வெள்ளம் வருவதற்கு முன்பே மக்களுக்கு அந்தப் பக்கம் பழகிவிட்டது. வெள்ளம் வந்தபோது ஊடகப் பிரிவில் இருந்தவர்கள் ஒவ்வொரு வரிக்கும் மேலிடத்து ஒப்புதலுக்குக் காத்திருக்காமல், தெரிந்த தகவலை உடனுக்குடன் போட்டார்கள். வதந்திகளை மறுப்பதற்கென்றே ‘மித்பஸ்டர்’ என்று ஒரு ஹேஷ்டேக் வைத்தார்கள். வைவன்ஹோ அணை உடையப்போகிறது என்று ஒரு வதந்தி கிளம்பியது. அதற்கும் அதே இடத்தில் மறுப்பு வந்தது. மக்கள் ஒரு இடத்தைப் பார்த்தார்கள், தெரிந்துகொண்டார்கள். நம் குரல் பதிவை நினைத்துப் பாருங்கள். ‘எந்த ஏரியும் திறக்கப்படவில்லை, நேரம் இரவு 10.40’ என்று ஒரே ஒரு வரி வந்திருந்தால் பெரியம்மா படியேறியிருக்க மாட்டார்.

இரண்டாவது, டெல்லி. 2010-இல் காமன்வெல்த் போட்டிகளுக்கு முன்பு டெல்லி போக்குவரத்துக் காவல்துறை ஒரு ஃபேஸ்புக் பக்கம் தொடங்கியது. ஹெல்மெட் இல்லாமல் போகிறவர்கள், சிக்னலை மீறுகிறவர்கள் என்று மக்கள் படம் எடுத்துப் போட ஆரம்பித்தார்கள். சில மாதங்களிலேயே ஆயிரக்கணக்கான படங்கள் குவிந்தன. வண்டி எண்ணைப் பார்த்து நூற்றுக்கணக்கானவர்களுக்கு அபராதச் சீட்டு போனது. விதியை மீறிய போலீஸ்காரர்களின் படங்களும் வந்தன. நாலு பக்கமும் ஓடும் ஒரு பெரிய நகரத்தில் இருக்கிற போலீஸ்காரர்களுக்கு எத்தனை கண்கள்? மக்கள் தங்கள் கண்களைக் கடன் கொடுத்தார்கள்.

ஆனால் இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் மேல் இருக்கும் கோபத்தை அவர் வண்டியின் படமாகப் போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். படம் பழையதாக இருக்கலாம், மாற்றப்பட்டதாகவும் இருக்கலாம். அதனால் மக்கள் அனுப்புவது தகவல்தான். அதைச் சரிபார்த்து முடிவெடுப்பது அலுவலகத்தின் வேலை. இந்த இரண்டையும் குழப்பினால் அரசின் பக்கம் ஊர்ப் பஞ்சாயத்து ஆகிவிடும்.

மூன்றாவது, இந்தோனேசியாவின் ஜகார்த்தா. நம்மைப் போலவே கடலோர நகரம், ஒவ்வொரு மழைக்கும் நீர் தேங்கும் நகரம். அங்கே 2014 டிசம்பரில் ‘பெத்தா ஜகார்த்தா’ என்று ஒரு முயற்சி தொடங்கியது. ‘பெத்தா’ என்றால் வரைபடம். ஆஸ்திரேலியாவின் வுலங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஜகார்த்தாவின் பேரிடர் மேலாண்மை முகமையும் ட்விட்டர் நிறுவனமும் சேர்ந்து செய்தது. ஜகார்த்தாவில் ஒருவர் ‘பஞ்சிர்’ என்று ட்வீட் செய்தால், அதாவது ‘வெள்ளம்’ என்று எழுதினால், ஒரு மென்பொருள் அவருக்குத் தானாகவே பதில் அனுப்பும். உங்கள் பக்கம் வெள்ளமா, இருப்பிடத்தைச் சேர்த்து உறுதி செய்யுங்கள் என்று கேட்கும். அவர் உறுதி செய்ததும் அந்த இடம் வரைபடத்தில் புள்ளியாக ஏறும். அந்த வரைபடத்தை அதிகாரிகளும் பார்த்தார்கள், மக்களும் பார்த்தார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் எங்கே தண்ணீர் நிற்கிறது என்று ஆபீஸிலிருந்து கிளம்பும் முன்பே தெரிந்துகொள்ள முடிந்தது.

இதில் எனக்குப் பிடித்தது அந்தத் தொழில்நுட்பம் இல்லை. மக்கள் எப்படியும் மழை நாளில் புலம்பத்தான் போகிறார்கள். அந்தப் புலம்பலை எடுத்து, அதனிடம் ஒரு கேள்வி கேட்டு, அதை வேலைக்கு உதவும் தகவலாக மாற்றினார்களே, அதுதான் பிடித்தது.

நமக்கும் இது புதிதில்லை. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவை இங்கே இருக்கும் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்துவிட்ட நீர், பெய்த மழை எல்லாம் சேர்ந்து அடையாறு கரை புரண்டது. அப்போது இந்த ஊர் இளைஞர்கள் ட்விட்டரில் உதவி கேட்பவர்களையும் படகு வைத்திருப்பவர்களையும் இணைத்தார்கள். நீர் தேங்கிய தெருக்களை இணைய வரைபடத்தில் மக்களே குறித்தார்கள். யாரும் அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை.

ஆனால் அதில் ஒரு குறையும் இருந்தது. ஒருவரை மீட்ட பிறகும் அவருடைய பெயரும் போன் நம்பரும் அடுத்த நாள், அதற்கடுத்த நாள் என்று சுற்றிக்கொண்டே இருந்தன. மீட்பு முடிந்த வீட்டுக்கே மறுபடி மறுபடி அழைப்புகள் போயின. ‘இவருக்கு உதவி கிடைத்துவிட்டது’ என்று கணக்கை முடித்துவைக்க ஓர் இடம் இல்லை. தன்னார்வலர்களால் முடியாததும் அரசால் முடிவதும் இதுதான். ஒரே இடத்தில் பதிவு, ஒரு எண், வேலை முடிந்ததும் முடிந்தது என்று ஒரு குறிப்பு.

மத்திய அரசு 2012-இலேயே அரசு நிறுவனங்கள் சமூக ஊடகத்தை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. கணக்கை யார் கவனிப்பது, எப்படிப் பதில் சொல்வது, பதிவுகளை எப்படிப் பாதுகாப்பது என்றெல்லாம் முன்கூட்டியே தீர்மானிக்கச் சொல்கிறது அது. எனவே நாம் கேட்கப்போவது சலுகை இல்லை.

வார்டு அலுவலகத்துக்கும் மண்டல அலுவலகத்துக்கும் சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் கொடுக்கலாம் என்று முன்மொழிகிறேன். அதில் நான்கே கோரிக்கைகள்.

ஒன்று, மழை எச்சரிக்கை இருக்கும் நாட்களில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை நேரம் குறிப்பிட்டு ஒரு பதிவு. மாற்றம் இல்லையென்றாலும் ‘மாற்றம் இல்லை’ என்று போட வேண்டும்.

இரண்டு, வதந்தியை உடனே மறுக்க, பணியில் இருக்கும் ஓர் அதிகாரிக்கு அதிகாரம்.

மூன்று, பக்கத்தில் வரும் புகாருக்குப் புகார் எண். வேலை முடிந்ததும் அதே இடத்தில் ஒரு படம்.

நான்கு, நீர் தேங்கிய தெருக்களின் பட்டியலைப் பொதுவில் வைப்பது. அதில் நாமும் தகவல் சேர்க்க வழி.

இனி நம் பக்கம். கேட்பதற்கு முன்பு நாமும் கொஞ்சம் மாற வேண்டும். நம் குழுவில் ‘தெருவெல்லாம் நாறுது, யாரும் கவனிக்கல’ என்று எழுதுகிறோம். இதைப் படித்த ஒரு பொறியாளரால் என்ன செய்ய முடியும்? எந்தத் தெரு, எந்த வீட்டு எண்ணுக்கு எதிரே, எந்த நாள், எத்தனை மணி, ஒரு படம். இவை இருந்தால் அது புகார். இல்லையென்றால் வெறும் எரிச்சல். முதலில் 1913-இல் பதிவு செய்து புகார் எண் வாங்குவோம். மின்சாரம் என்றால் 94987 94987, மின்னகம். அந்த எண்ணோடு சமூக ஊடகத்தில் போடுவோம். வேலை முடிந்தால் ‘முடிந்தது, நன்றி’ என்று அதே இடத்தில் எழுதுவோம். இருபத்தைந்து வருடம் திட்டு வாங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஒரு நன்றிக்காக மறுநாள் சீக்கிரம் வேலைக்கு வந்த ஆட்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று. உதவி கேட்டுப் போடும் பதிவில் நோயாளியின் பெயர், நோய், போன் நம்பர், வீட்டு எண் எல்லாவற்றையும் ஊருக்கே காட்டாதீர்கள். சங்கத்தின் எண்ணைக் கொடுங்கள். மற்ற விவரங்களைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

கடைசியாக, மழைக்காலத்துக்கு மூன்று பேர் கொண்ட ஒரு தகவல் குழு வேண்டும். ஏரி, அணை, புயல் பற்றிய எந்தச் செய்தி வந்தாலும் அவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். அவர்கள் வானிலை மையம், மாநகராட்சி, மாவட்ட நிர்வாகம் ஆகியவற்றின் பக்கங்களைப் பார்த்து, 1913-ஐக் கேட்டு, பிறகு பொதுக் குழுவில் போடுவார்கள். உறுதியாகவில்லை என்றால் ‘இன்னும் உறுதியாகவில்லை’ என்று எழுதுவார்கள். இரவு நேரத்துக்கு நான் வருகிறேன். எனக்கு எப்படியும் தூக்கம் குறைவு. மற்ற இரண்டு பேர் இன்றே பெயர் கொடுங்கள்.

பெரியம்மாவைப் போன வாரம் போய்ப் பார்த்தேன். வாக்கர் பிடித்து நடக்கிறார். என்னிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி. “ஏம்பா, நீ ஆபீஸ்ல இருந்தவனாச்சே. அன்னிக்கு ராத்திரி நான் யாரைக் கேட்டிருக்கணும்?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த மழைக்கு முன்பு இந்தக் கட்டடத்தில் இருக்கும் எல்லாருக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். கடிதம் இங்கே மேசைமேல் இருக்கிறது. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காபிக்குப் போகலாம்.