அறிந்து புறப்படுவது நம் உரிமை
(நிந்தவூரில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



வயலையும் கடலையும் நம்பி வாழ்ந்த ஊர் இவ்வூர். இன்று மூன்றாவதாக ஒரு பிழைப்பும் வந்து சேர்ந்திருக்கிறது. கட்டார், சவூதி அரேபியா, குவைத் என்பன நம் வீடுகளில் அயலூர்ப் பெயர்களைப் போல வழங்குகின்றன. பொருளாதார நெருக்கடி சூழ்ந்த 2022ஆம் ஆண்டில் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தொழில் தேடி இந்நாட்டை விட்டுச் சென்றனர். அவர்கள் அனுப்பும் பணத்தை நாடு ஆவலோடு எதிர்பார்க்கிறது. அவர்களுக்கு வழிகாட்டும் கடமையையும் அதே ஆவலோடு நினைக்கிறதா?

கடலுக்குப் போகும் தோணிக்காரர் காற்றைப் பார்க்கிறார், வலையைப் பார்க்கிறார், அதன்பின்னரே தோணியைத் தள்ளுகிறார். ஒருநாள் தொழிலுக்கு இத்தனை ஆயத்தம்! இரண்டாண்டு வாழ்வை அந்நிய மண்ணில் கழிக்கப் போகின்றவரோ, தாம் வாசித்தறியாத மொழியில் எழுதப்பட்ட தாளில் ஒப்பமிட்டுப் புறப்படுகிறார். இக்குறையை அவர்மேல் சுமத்துவது நீதியாகுமா?

புலம்பெயர் தொழிலாளர் பாதுகாப்புக்கென 1990இல் ஐக்கிய நாடுகள் சபை ஓர் உடன்படிக்கையை ஏற்றது. இலங்கை 1996இல் அதிற் சேர்ந்தது. தொழிலாளர் தம் உரிமைகளையும் செல்லும் நாட்டின் நிபந்தனைகளையும் கட்டணமின்றி, இயன்றவரை தமக்கு விளங்கும் மொழியில் அறியப்பெற வேண்டும் என்கிறது அதன் 33ஆம் உறுப்புரை. வளைகுடா நாடுகள் அதில் சேரவில்லை. ஆயினும் நம் அரசு சேர்ந்திருக்கிறது. ஆகவே, தமிழில் விளக்கம் கேட்பது சலுகை கேட்பதாகாது.

அந்நாடுகளிலும் சட்டம் இல்லாமல் இல்லை. வேலைக்கு அழைக்கும் செலவையும் இக்காமாக் கட்டணத்தையும் முதலாளியே ஏற்க வேண்டும் என்பது சவூதியின் 2005ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம். வதிவிட அனுமதி பெறும் நடைமுறை முடிந்ததும் கடவுச்சீட்டைத் தொழிலாளரிடம் திருப்பித் தரவேண்டும் என்பது கட்டாரின் 2015ஆம் ஆண்டுச் சட்டம். அங்கே 2021 மார்ச்சு முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1000 ரியால் எனவும் விதிக்கப்பட்டது. அறியாதவருக்கு இச்சட்டங்கள் பூட்டிய பெட்டிக்குள் ஏற்றிய விளக்குகளே!

தாய்மார்களே! வீட்டுப் பணிப்பெண்களின் நிலை இன்னும் கடினமானது. தொழில் மாறும் உரிமையை விரிவாக்கிச் சவூதி 2021இல் செய்த சீர்திருத்தத்தில் அவர்கள் சேர்க்கப்படவில்லை. நான்கு சுவருக்குள் வேலை செய்கின்றவரின் குரல் வெளியே கேட்பதும் அரிது. எனவே அனுப்பு முன் இருமுறை விசாரியுங்கள்.

செய்ய வேண்டியவை எளியவை. 1985இல் அமைக்கப்பட்ட வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்யாமல் விமானம் ஏறாதீர்கள். முகவரின் அனுமதிப்பத்திர இலக்கத்தைப் பணியகத்திடமே கேட்டுச் சரிபாருங்கள். கொடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் பற்றுச்சீட்டுப் பெறுங்கள். சுற்றுலா விசாவில் சென்று பின்னர் மாற்றிக்கொள்ளலாம் என்பாரை நம்பாதீர்கள். ஒப்பந்தம், கடவுச்சீட்டு ஆகியவற்றின் பிரதிகளை வீட்டிலும் வைத்துச் செல்லுங்கள். இங்கே காட்டிய சம்பளம் ஒன்று, அங்கே நீட்டும் தாளில் இருப்பது வேறொன்று என்றால், அந்தப் பிரதியே உங்கள் சாட்சி. இடர் வந்தால் நம் தூதரகத்துக்கு அறிவியுங்கள். இங்குள்ள குடும்பத்தார் பணியகத்தின் 1989 என்னும் தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம்.

இவற்றைத் தனித்தனியே தேடி அறியும்படி ஏழையை விட்டுவிடுவது ஆட்சியாகாது. ஒப்பந்தம் ஒவ்வொன்றும் தமிழில் தரப்படல் வேண்டும். ஊர்தோறும் நூலகத்திலோ சபை மண்டபத்திலோ வாரம் ஒருநாளாவது பத்திரங்களைப் படித்து விளக்கும் ஏற்பாடு வேண்டும். அரசு செய்யும்வரை காத்திராமல், படித்த இளைஞர்களே, இன்றே நீங்கள் தொடங்குங்கள். அயலவர் நீட்டும் தாளை ஒருமுறை வாசித்துச் சொல்லுங்கள். ஒரு குடும்பத்தின் இரண்டாண்டு வாழ்வு அந்தத் தாளில் அடங்கியிருக்கிறது.