உள்ளங்கையைத் துளைக்கும் துகள்

(எமது சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் பண்டாரவளையில் ஆற்றிய உரை)



பௌதிகவியலில் இன்று என்ன ஆராய்ச்சி நடக்கிறது என்று எல்லோருக்கும் விளங்கும்படி சொல்லுமாறு சங்கத்தினர் கேட்டார்கள். தயவுசெய்து ஒரு கையை விரித்துப் பிடியுங்கள். ஏறக்குறைய செக்கனுக்கு ஒன்றாக, மியூவோன் என்னும் நுண்துகள் உங்கள் உள்ளங்கையைத் துளைத்துப் போய்க்கொண்டிருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர்கள் மேல்வளியில் மோதுவதால் இவை பிறக்கின்றன. நமக்கு நோவதில்லை. கடற்கரையைவிட மலைநாட்டில் இவை சற்று அதிகம்.

இத்தகைய ஆராய்ச்சியில் மூன்று வேலைகள் உண்டு. கணக்கால் சிந்திப்பது கோட்பாட்டுப் பௌதிகவியல். கண்ணுக்குத் தெரியாத துகளைப் பதியும் கருவிகளை அமைப்பது இரண்டாவது. அதே விதிகளை உயிருள்ள உடலில் தேடுவது உயிர்ப்பௌதிகவியல்.

முதலாவதற்கு நம் நாட்டவர் ஒருவரையே சொல்லலாம். இலங்கைத் தமிழரான சி. ஜே. எலியேசர் கேம்பிரிட்ஜில் டிராக்கிடம் பயின்றவர். கொழும்பில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். புரோத்தனை நோக்கி நேர்கோட்டில் செல்லும் இலத்திரன், தான் வீசும் கதிர்வீச்சின் எதிர்த்தாக்கத்தையும் சேர்த்துக் கணித்தால், புரோத்தனை முட்டாமலே திரும்பி ஓடும் என்று 1943இல் காட்டினார். அந்தப் பழைய கோட்பாட்டில் எங்கோ குறை உண்டு என்பதே அதன் பொருள். அதற்கு அவருக்கு வேண்டியிருந்தவை காகிதமும் பேனாவும்.

இரண்டாவதற்குக் கருவி வேண்டும். 1913இல் பிறந்த கல்கத்தாப் பெண் பிபா சௌத்ரி, டி. எம். போஸுடன் சேர்ந்து புகைப்படத் தட்டுகளை டார்ஜிலிங் தேயிலை மலைநாட்டிலும், அதற்கும் மேலே 3,600 மீற்றர் உயரத்துச் சந்தக்புவிலும் மாதக்கணக்கில் வைத்தார். துகள் போன தடம் தட்டில் கரும்புள்ளி வரிசையாக விழும். அதை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து, இலத்திரனைப்போல் சுமார் 200 மடங்கு திணிவுள்ள துகள்கள் என்று இருவரும் மதிப்பிட்டு, 1940 முதல் 1942 வரை ‘நேச்சர்’ சஞ்சிகையில் எழுதினார்கள். திருத்தமான முடிவுக்கு இன்னும் உணர்திறன் கூடிய தட்டுகள் தேவைப்பட்டன. யுத்த காலம், கிடைக்கவில்லை. பிரிஸ்டலில் செசில் பவல் குழுவினர் மேலான தட்டுகளோடு அதே வழியில் சென்று 1947இல் பையோனைக் கண்டார்கள். 1950இல் பவலுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிபா மான்செஸ்டரில் கலாநிதிப் பட்டம் பெற்று, இந்தியா திரும்பி, கோலார் தங்கச் சுரங்க ஆய்வுகளிலும் பங்குகொண்டார். 2019இல் ஒரு நட்சத்திரத்துக்கு அவர் பெயர் சூட்டினார்கள். அவருக்குக் குறைந்தது ஒரு பெட்டித் தட்டுதான்.

மூன்றாவதற்குச் சென்னை. ஜி. என். இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, நமது தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் புரதம் மூன்று இழை பின்னிய கயிறு போன்றது என்று 1950களில் சொன்னார். அவர் 1963இல் வெளியிட்ட ‘இராமச்சந்திரன் வரைபடம்’ புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடியலாம் என்று காட்டுகிறது. இன்று கணினி ஊகிக்கும் புரத வடிவங்களையும் அதை வைத்தே சரிபார்க்கிறார்கள்.

இனி நம்முடைய மலைக்கு வருவோம். மியூவோன் பாறையையும் துளைக்கும். அடர்த்தி கூடிய இடத்தில் குறைவாகவே மறுபக்கம் வரும். அதை எண்ணிப் பார்த்தால் உள்ளே இருப்பதைப் படமாக்கலாம். 2017இல் எகிப்தின் கூஃபு பிரமிட்டுக்குள் பெரிய வெற்றிடம் ஒன்றை இப்படித்தான் கண்டார்கள். ஜப்பானில் எரிமலைகளின் உட்புறத்தைப் பார்க்கிறார்கள். நிலத்துக்குள் ஊறும் நீரை இவ்வாறு அளக்க முடியுமா என்றும் ஆராய்கிறார்கள். இப்படிப் படம் சேர நாட்கள், வாரங்கள் ஆகும். ஆகவே உடனே அபாயச் சங்கு ஊதும் கருவியாக இதை எண்ணிவிடக் கூடாது. ஆனால் 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறக்காத நமக்கு, மலைக்குள் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பது உயிர்க் கேள்வி. அதைக் கேட்டு, கருவி செய்து, கணக்குப் போட இந்த மலையில் வளர்ந்த ஒருத்தி வேண்டாமா?

அவள் இப்போது ஏதோ ஒரு தோட்டத்துப் பாடசாலையில் இருக்கிறாள். சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு ‘ஏ’ எடுப்பாள். கிட்டிய பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இராது. தூரத்துப் பாடசாலைக்கு பஸ் காசும் தங்க இடமும் வேண்டும். வீட்டில் யோசிப்பார்கள். பிள்ளை கலைப் பிரிவுக்குப் போய்விடும். கலை படிப்பது குறைவல்ல, விரும்பிப் படிக்கட்டும். வழியில்லாமல் படிக்கக் கூடாது.

சகோதரிகளே, நூற்றாண்டு நினைவாக வளைவு கட்டலாம், மண்டபத்துக்கு நிறம் பூசலாம். அவற்றோடு, சுற்றியுள்ள தோட்டப் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் வந்து பரிசோதனை செய்ய நமது ஆய்வுகூடத்தைத் திறந்து விடுவோம். ஆண்டுக்குச் சில பிள்ளைகளின் பஸ் காசையும் விடுதிச் செலவையும் ஏற்போம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருப்பவர்களுக்கு அது பெரிய தொகையல்ல.

பிபாவுக்குக் கிடைக்காத தட்டு, நம் பிள்ளைகளுக்காவது கிடைக்கட்டும். நமது கலாசாலை வாழ்க, வளர்க.