கண்மாயில் வளரும் எரிபொருள்



ஆவுடையார்கோவிலுக்குப் போனவர்கள் கல்லால் ஆன அந்தக் கொடுங்கைகளை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள். அங்கே இன்னொரு விசேஷமும் உண்டு. ஆத்மநாதருக்கு நைவேத்தியம் சோறு அல்ல, சோற்றின் ஆவி. புழுங்கலரிசிச் சோற்றைச் சுடச்சுடக் கொண்டுவந்து படைகல்லில் பரப்புவார்கள். அதிலிருந்து எழும் ஆவிதான் சுவாமிக்கு. சுவாமிக்கு ஆவி வேண்டுமானாலும் அடுப்பு எரிந்தாக வேண்டுமே! இந்தச் சீமை இதுவரை எதை எரித்தது, இனி எதை எரிக்கப்போகிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

ஆவுடையார்கோவில் இருக்கும் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கண்மாய்கள் இருக்கின்றன. கண்மாய் என்றால் பாசன நீர் மட்டும் இல்லை. மீன் இருந்தது, வண்டல் இருந்தது, விறகும் இருந்தது. நாட்டுக் கருவேலம் தண்ணீரில் மாதக்கணக்கில் நின்றாலும் சாகாத மரம். 1981இல் தொடங்கிய சமூகக் காடுகள் திட்டத்தில், சுவீடன் நாட்டு உதவியோடு, தமிழ்நாடு முழுக்கக் கண்மாய் உள்வாய்களில் கருவேலம் நட்டதற்குக் காரணமும் ஊராருக்கு விறகு கிடைக்க வேண்டும் என்பதுதான்.

ஆனால் அதற்கு நூறு ஆண்டு முன்பே இன்னொரு மரம் வந்து சேர்ந்திருந்தது. சென்னை மாகாண வனத்துறையில் இருந்த பெட்டோம் என்ற அதிகாரி 1876இல் விதை கேட்டு எழுத, அமெரிக்கக் கண்டத்து மரமான சீமைக்கருவேலத்தின் விதை ஜமைக்காவிலிருந்து வந்தது. வறண்ட நிலத்தில் விறகுக்கு மாற்றாக இருக்கும் என்று நினைத்தார்கள். அந்த நினைப்பு பொய்க்கவில்லை. பச்சையாக வெட்டிப் போட்டாலும் நின்று எரியும் மரம் அது. ஆடு மாடு காயைத் தின்று போட்ட இடமெல்லாம் முளைத்தது. வெட்டினால் தூரிலிருந்து மறுபடி தழைத்தது. மழை பொய்த்த வருஷங்களில் கையில் காசு பார்க்க இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டைச் சம்சாரிகள் நம்பியது இந்த மரத்தைத்தான்.

கரிமூட்டம் போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? வெட்டிய கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே தழையும் வைக்கோலும் போட்டு, மண்ணால் மெழுகித் தீ வைப்பார்கள். நெருப்பு வெளியே தெரியக்கூடாது. உள்ளுக்குள்ளேயே நாள்கணக்கில் கனன்று கட்டை கரியாகும். ஓட்டை விழுந்து காற்றுப் புகுந்தால் கரி சாம்பலாகிவிடும் என்பதால் இரவிலும் காவல் இருக்க வேண்டும். நாலைந்து டன் விறகு போட்டால் ஒரு டன் கரி தேறும். மிச்சமெல்லாம் புகையும் ஆவியும். அந்தப் புகையில் நிற்பவர்களுக்கு அதைச் சுவாசிப்பதும் வேலையில் சேர்த்திதான்.

சரி, நல்ல எரிபொருள்தானே, எங்கே தவறு நேர்ந்தது? மரம் உள்வாயிலும் வரத்துக் கால்வாயிலும் புகுந்ததில்தான். அது காற்றில் உள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும் என்று மேடைகளில் பேசுகிறார்கள்; அதற்கு ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் அடர்ந்த புதராக வளர்ந்து வரத்துவாரியை அடைப்பதும், தூரைச் சுற்றி வண்டல் தங்கிக் கண்மாய் மேடாவதும் கண்முன்னே நடப்பவை. இந்த மரத்தை அகற்றக் கோரி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வைகோ வழக்குத் தொடர்ந்தார். நீதிமன்ற உத்தரவின்படி 2017இல் தென் மாவட்டங்களில் பொக்லைன்கள் இறங்கின. அதே ஆண்டில் மரத்தை அகற்ற இடைக்காலத் தடையும் வந்தது. 2022இல் அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று தமிழ்நாடு அரசு ஒரு கொள்கையே வெளியிட்டது.

இது மண்ணுக்கு மேலே நடந்த கதை. மண்ணுக்குக் கீழேயும் ஒரு கதை இருக்கிறது. நம் நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 100க்கு 85 பங்குக்கு மேல் இறக்குமதி. ஆகவே எங்கே எண்ணெய், எரிவாயு இருந்தாலும் தோண்டு என்பது டெல்லியின் கணக்கு. 2017 பிப்ரவரியில் இதே மாவட்டத்து நெடுவாசல் எரிவாயு எடுக்கும் இடங்களின் பட்டியலில் வந்தபோது ஊரே தெருவில் உட்கார்ந்தது. கடைசியில் 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நிறைவேறியது. தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களோடு புதுக்கோட்டையிலிருந்து ஐந்து ஒன்றியங்கள் அதில் சேர்ந்தன: அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி. கல்லணைக் கால்வாயின் கடைமடை இந்தப் பக்கம்தானே. இங்கே புதிதாக எண்ணெய்க்கோ எரிவாயுவுக்கோ துளையிடக்கூடாது. ஏற்கெனவே நடப்பவற்றைச் சட்டம் தொடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சட்டம் எதைத் தோண்டக்கூடாது என்று சொன்னது. எதை எரிப்பது என்று சொல்லவில்லை, சொல்ல வேண்டியது அதன் வேலையும் இல்லை. அந்த இடத்தில்தான் மாற்று எரிபொருள்கள் நல்ல பெயரோடு உள்ளே வருகின்றன. காட்டாமணக்கு நினைவிருக்கிறதா? தரிசில் நட்டால் டீசல் கொட்டும் என்றார்கள். நட்டவர்களுக்கு விளைச்சல் சொன்ன அளவை எட்டவே இல்லை. நிலக்கடலை போட்டிருக்க வேண்டிய மண்ணும் வீணானது. இப்போது எத்தனால். கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க ஏறக்குறைய 2,860 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைக்காரரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். சிரிப்பாரா திட்டுவாரா, தெரியாது. கமுதியில் 2016இல் எழுந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் புகை விடாது. ஆனால் அதற்கும் சுமார் 2,500 ஏக்கர் நிலம் போயிருக்கிறது.

ஆகவே, எரிபொருள் பசுமையா கறுப்பா என்று கேட்பதைவிட, அது யாருடைய தண்ணீரைக் குடிக்கிறது, யாருடைய நிலத்தில் உட்காருகிறது என்று கேட்பதுதான் நம் பக்கத்துக்குப் பொருந்தும். சீமைக்கருவேலத்தை நான் ஒரேயடியாக ஒழிக்கச் சொல்லமாட்டேன். தரிசுப் புன்செயில், மானாவாரி மேட்டில் அது ஏழைக்கு விறகும் கரியும் தந்து போகட்டும். கண்மாயில் அதற்கு இடமில்லை.

கண்மாய் மரத்தை ஏலம் விடும்போது என்ன நடக்கிறது? ஏலம் எடுத்தவர் மேல்மரத்தை வெட்டி லாரியில் ஏற்றிவிட்டுப் போய்விடுகிறார், தூர் அப்படியே கிடக்கிறது. மூன்று நான்கு வருஷத்தில் பழைய காடு. அடுத்த ஏலம். வெட்டுகிறவருக்கு இது நல்ல வியாபாரம், கண்மாய்க்குத்தான் நஷ்டம். இத்தனைக்கும் தூர்க்கட்டைக் கரிக்கு நல்ல விலை உண்டு.

உங்கள் ஊரில் அடுத்த கிராம சபை கூடும்போது, முக்கியமாகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்று, இதை எழுந்து கேளுங்கள். ஏல நிபந்தனையில் தூரோடு பிடுங்க வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். குழியை மூடிய பிறகுதான் முன்பணம் திரும்பும் என்று சேர்க்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில் நாட்டுக் கருவேலம் நட ஏலத் தொகையில் ஒரு பங்கை ஒதுக்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கள்.